மறுபடியும் சிப்பாயாக: பென்ஷன் வந்தபின் திரும்பப் போனவர்கள் பகிர்ந்தவை

கணியம்பாடி ஹவில்தார்:

24 வருஷ சர்வீஸ் முடித்து ஹவில்தாராகப் பென்ஷன் வந்தபோது எனக்கு வயது 43. கம்மவான்பேட்டையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊர்ப்பக்கம். பென்ஷன் வந்தவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் செக்யூரிட்டி வேலைக்குப் போவார்கள். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி கேட்டில் ஒன்றரை வருஷம் நின்றேன். 12 மணி நேர ஷிஃப்ட், சம்பளம் 20 தேதி தாண்டித்தான் கைக்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் ஒரு லாரியைப் பார்க்காமலே வெளியே விடு என்றார்கள். முடியாது என்றேன். மறுநாள் என்னைப் பின்பக்கக் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று ராத்திரிதான் டிஎஸ்சிக்கு எழுதிப் போடுவது என்று முடிவு செய்தேன்.

டிஎஸ்சி என்கிற டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் 1947-ல் தொடங்கியது. ராணுவக் கிடங்குகள், விமானப்படை, கடற்படைத் தளங்கள், இந்த மாதிரி இடங்களைக் காவல் காக்கிற படை. அதில் சேருகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஒரு முறை சர்வீஸ் முடித்தவர்கள்தான். டிஸ்சார்ஜ் ஆகி 2 வருஷத்துக்குள் சேர வேண்டும், மெடிக்கலில் ஷேப்-1, அதாவது முழு உடல் தகுதி, வேண்டும். எனக்கு மீதி இருந்தது ஆறே மாதம். உடம்பில் 9 கிலோ கூடியிருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து நாகநதிக் கரையில் ஓடினேன். முதல் வாரம் பாதி தூரத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர் வெயிலில் ஆறரைக்கு மேல் ஓட முடியாது, அதனால் தாமதித்து எழுந்தால் அன்றைக்கு ஓட்டம் போச்சு.

ஓட்டம்கூட வந்துவிட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. ஹவில்தாராக வெளியே வந்தவன் டிஎஸ்சியில் சிப்பாயாகத்தான் சேர வேண்டும். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ஜெர்சியை எடுத்து, கையில் இருக்கும் ஹவில்தார் ரேங்க் பட்டைகளைப் பிரிக்கச் சொல்லி வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் பிளேடை வைத்துக்கொண்டு, "மூணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒவ்வொரு தையலாக அறுத்தாள், கம்பளி நூல் அறுந்துவிடக் கூடாதென்று கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு. பிரித்து முடித்த பிறகும் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் கரும்பச்சையாக, மூன்று பட்டை ஒட்டிய மாதிரியே இருந்தது. துவைத்தும் போகவில்லை.

காட்பாடியில் ராத்திரி மங்களூர் மெயில் ஏறினால் காலையில் கண்ணூர். அங்கே டிஎஸ்சி சென்டரில் என்னோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாருமே நாயக், ஹவில்தார் என்று இருந்தவர்கள். நாற்பது வயசுக்காரர்கள் வரிசையாகக் குந்தி பாரக் முற்றத்தில் புல் பிடுங்கினோம். யாரும் யாரையும் முன்னாள் ரேங்க் சொல்லிக் கூப்பிடவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்புறம் வடக்கே ஒரு வெடிமருந்துக் கிடங்கில் போஸ்டிங். ஜனவரி மாதம், பத்தடியில் ஆள் தெரியாத பனி. என் டியூட்டியில் ஒரு கான்வாய் வந்தது. முன் வண்டியிலிருந்து ஒரு நாயப் சுபேதார் இறங்கினார், ஹவில்தாருக்கு மேல் ரேங்க். கேட் விளக்குக்குக் கீழே வந்ததும் இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. 18 வருஷத்துக்கு முன்னால் வெலிங்டனில் நான் டிரில் சொல்லிக்கொடுத்த திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். "உஸ்தாத்!" என்றான், பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில் நின்று, "ஜெய்ஹிந்த் சாப், ஐடி கார்டு" என்றேன். எடுத்துக் கொடுத்தான். போட்டோவையும் முகத்தையும் பார்த்தேன், வண்டி நம்பர்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன், பின்னால் ஏறி ஆட்களை எண்ணினேன். 20 நிமிஷம் ஆனது. அவன் பனியில் அப்படியே நின்றுகொண்டிருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயந்திரம் எங்கள் பாரக்கைத் தேடி வந்துவிட்டான். என் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "கார்டு பார்க்காம உள்ள விட்டிருந்தா எனக்கு அழுகை வந்திருக்கும் உஸ்தாத்" என்றான். ஜெர்சியில் அந்தப் பட்டை அச்சை அவன் பார்த்தது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வாலாஜா நாயக்:

அண்ணா, எனக்கு 37 முடிகிறது. டிஎஸ்சி போனால் ரெண்டு பென்ஷன் என்கிறார்களே, உண்மையா?

கணியம்பாடி ஹவில்தார்:

சேரும்போதே விருப்பம் எழுதி வாங்குவார்கள் தம்பி. பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றால் இப்போது வாங்குகிற பென்ஷன் நின்றுவிடும். சேர்க்க வேண்டாம் என்றால் பென்ஷனும் வரும், சம்பளமும் வரும். ஆனால் இரண்டாவது பென்ஷனுக்கு டிஎஸ்சியில் தனியாக 15 வருஷம் முடிக்க வேண்டும். என் வயசுக்கு அது எட்டாது, தெரிந்துதான் போனேன். உனக்கு எட்டும். அந்தத் தாளை அவசரத்தில் கையெழுத்துப் போடாதே, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுப் போ.

ஆம்பூர் டிஏ:

நான் டிஏ, அதாவது டெரிடோரியல் ஆர்மி என்கிற பகுதிநேரப் படை, கோயம்புத்தூர் 110 பட்டாலியன். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, வருஷத்தில் 2 மாதம் பயிற்சி முகாம், தேவைப்பட்டால் முழு நேரமாகக் கூப்பிடுவார்கள். ஒரு முறை அப்படிப் போய்த் திரும்பியபோது என் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். மேனேஜர் புதிதாக விண்ணப்பம் போடு என்றார். 1948-ம் வருஷ டெரிடோரியல் ஆர்மி சட்டத்தில், சேவைக்குப் போய் வந்தவரைத் திரும்ப வேலையில் வைக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. யூனிட் கடிதத்தோடு அதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். நாலு நாளில் கூப்பிட்டுவிட்டார்கள். டிஏவில் இருப்பவர்கள் போகும்போதே கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

குடியாத்தம், பட்டாளத்துக்காரர் மனைவி:

ஹவில்தார் அண்ணா எழுதியதைப் படித்ததும், நானும் ஒரு ஜெர்சி பிரித்தவள் என்பதால் எழுதுகிறேன். என் கணவர் நாயக், இரண்டு பட்டை. பென்ஷன் வந்து ஒரு வருஷம் எட்டு மாதம் வீட்டில் இருந்தார். முதல் நாலு மாதம் அவர் வீட்டில் இருப்பதே எனக்குப் பழகவில்லை. மளிகை, ஸ்கூல் ஃபீஸ், கேஸ் புக்கிங் எல்லாம் நானே பார்த்து வந்த வீடு. இரண்டு பேரும் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டுச் சண்டை பிடிப்போம். பழகி, மகள் அவரிடம் கணக்குப் பாடம் கேட்க ஆரம்பித்த நேரத்தில் டிஎஸ்சி கடிதம் வந்தது. போங்கள் என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய் நின்றேன்.

வேலூர் லாங் பஜார் போனால் மணிக்கூண்டுக் கல்லைப் பார்ப்பேன். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கும். மீதி 263 பேர் வீட்டுக்கு வந்து எப்படி இருந்தார்கள், அந்த வீட்டுப் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று அந்தக் கல்லில் இல்லை.

28-ம் தேதி லீவில் வருகிறார். அவர் கட்டில் முழுக்க மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள். எடுத்து வை என்று நேற்றே சொல்லிவிட்டேன்.