"சைக்கிள் முடிஞ்சுதாண்ணா?" – உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்தவர்களின் அனுபவங்கள்

வில்லிவாக்கம் வாசி

இரண்டு வருடமாகிறது. அந்தக் கடைப் பையன் வலையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மூன்றடித் தொட்டி, 150 லிட்டர். செயற்கைப் பாறை, அரகோனைட் மணல், உப்பு அடர்த்தி 1.025, அம்மோனியா ஊற்றிச் சைக்கிள். மீன் கழிவில் வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா வளரும்வரை மீன் விடாமல் காத்திருப்பதுதான் சைக்கிள், முதலிரண்டும் பூஜ்யமானால் முடிந்தது. எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 23ஆம் நாள் அம்மோனியாச் சோதனைக் குழாய் மஞ்சளா பச்சையா என்று சொல்ல முடியாத நிறத்தில் நிற்கிறது. நைட்ரைட் குழாய் நல்ல கத்தரிப்பூ நிறம். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்குத் தெரியும்? மாமனார் வந்து பார்த்துவிட்டு, "கல்லுக்கா மாப்ளே இவ்ளோ லைட்டு?" என்றார். ஆறு வயது மகள் பள்ளியிலிருந்து வந்ததும் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்று, "இன்னைக்கும் வரலையாப்பா?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வண்ணமீன் கடைக்குப் போனேன். இரண்டு கிளவுன் மீனைக் காட்டினேன். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. வலையைத் தண்ணீரில் விட்டவன் அப்படியே நிறுத்தினான்.

"சைக்கிள் முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுது."

"எத்தினி நாளு?"

"நாப்பது."

பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மீனைப் பிடித்து, கவரில் காற்றடைத்து, ரப்பர் பேண்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, "ரெண்டு வேணாண்ணா. இப்போ ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்றான். விற்கிறவனே குறைத்து வாங்கு என்கிறான். நான் இரண்டு கேட்டு வாங்கினேன்.

கவரைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டுத் திறந்துவிட்டேன். சின்னது திங்கட்கிழமை ராத்திரி மேல்மூலையில் சாய்ந்து நின்றது, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டு. பெரியது புதன்கிழமை போனது. மகளிடம் இரண்டையும் கடலில் விட்டுவிட்டதாகச் சொன்னேன். அந்த வாரத்தில் அது இரண்டாவது பொய்.

உவர்நீர்

நைட்ரைட் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. கடல்நீரில் குளோரைடு கொட்டிக் கிடக்கிறது. செவுளில் நைட்ரைட் நுழைகிற வாசலைக் குளோரைடு அடைத்துக்கொள்ளும். நன்னீரில் பயப்படுகிற அளவுக்கு இங்கே பயப்பட வேண்டியதில்லை.

"மஞ்சளா பச்சையா" என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தப் பச்சைதான் மிச்சமிருந்த அம்மோனியா, ஆள் அதுதான். பிஎச் (அமில-கார அளவு) 7 இருக்கும் நன்னீர்த் தொட்டியில், குழாய் காட்டுகிற மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குதான் விஷ வடிவத்தில் இருக்கும். பிஎச் 8.2, நம்ம ஊர் 30 டிகிரி என்றால் அது பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். போதாததற்குக் கவருக்குள் மீன் மூச்சுவிட்டுக் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், உள்ளே மீன் கழித்த அம்மோனியாவில் விஷப் பங்கு மளமளவென்று கூடும். மிதக்கவிடுவது வெப்பத்துக்கு மட்டும்தான் உதவும்.

ராயபுரம்

உவர்நீர் சார், கொளத்தூரிலிருந்து வில்லிவாக்கம் பத்து நிமிஷம். சிக்னலில் நின்றாலும் இருபது. அதற்குள் கவரில் என்ன சேர்ந்துவிடும்? நீங்கள் சொல்வது விமானத்தில் ஒரு நாள் பயணம் செய்து வருகிற மீனுக்கு. பல கடைகளில் உப்பைக் குறைத்து 1.018, 1.019இல் வைத்திருப்பார்கள். உப்புச் செலவும் மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் குறைவு. அங்கிருந்து நேராக 1.025. உடம்பிலிருக்கிற தண்ணீரைப் பிழிந்தெடுத்த மாதிரிதான். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கியிருக்க வேண்டும்.

சரி, என் கதை. நான் உப்பே வாங்கவில்லை. காசிமேட்டில் சித்தப்பா பையன் படகு வைத்திருக்கிறான், கரைத் தண்ணீர் வேண்டாம், நன்றாக உள்ளே போனதும் நாலு கேன் பிடித்து வா என்று சொல்லியிருந்தேன். நவம்பர் மாதம். கொண்டுவந்து இறக்கினான். உப்பு அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.018. மீட்டர் கெட்டுவிட்டது என்று ஒரு புது மீட்டர் வாங்கினேன். அதிலும் அதேதான். சந்தேகத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது, ஆனால் எவ்வளவு என்று நாக்குக்கா தெரியும்? இவன் படியில் உட்கார்ந்து சிரிக்கிறான். "மழைக்காலத்துல ஆத்துத் தண்ணியெல்லாம் எங்க போவுது? கடல் மேலதான் பரவிக் கெடக்கும். இது தெரியாமத்தான் கடல் மீன் வளக்க வந்தியா?"

மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. 2017 ஜனவரிக் கடைசியில் எண்ணூர்ப் பக்கம் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதோடு கடல் தண்ணீர் எடுப்பதையே விட்டுவிட்டேன். இப்போது பாக்கெட் உப்புதான்.

மாடவீதி

ஊற்றுகிற அம்மோனியா கிடைக்காத காலம். ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட்டால் போதும் என்று படித்தேன். எங்கள் வீடு மயிலாப்பூர். வெங்காயமே அமாவாசைக்கு உள்ளே வராது. இறால்!

சந்தையில் மீன்கார அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒரு எறாவா? பூனைக்கா சாமி?" என்று காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு வந்து, காபி வடிகட்டுகிற துணியில் முடிந்து, பாறைக்குப் பின்னால் தொங்கவிட்டேன்.

நாலாம் நாள் நாற்றம் கூடத்தைத் தாண்டிவிட்டது. அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தாள். அப்புறம், "பரண்ல எலி செத்துக் கெடக்கு" என்று முடிவு கட்டிவிட்டாள். நான் என்ன செய்வது? ஸ்டூல் போட்டு ஏறினேன். வெங்கலப் பானை, கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு, கொலுப்படிப் பலகை, ஒவ்வொன்றாக இறக்கினேன். டார்ச் அடித்து இல்லாத எலியை இரண்டு மணி நேரம் தேடினேன். கீழே அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த மூலையைப் பார்டா" என்கிறாள். அந்த மூலைக்கும் தொட்டிக்கும் ஐந்தடிகூட இல்லை.

இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பழைய வண்ணாரப்பேட்டை

மாடவீதி, இறாலே வேண்டியதில்லை. அம்மோனியம் குளோரைடு போதும். நாட்டு மருந்துக் கடையில் விற்கிற நவச்சாரமும் அதேதான், ஆனால் அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் கேட்டு வாங்குங்கள். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் ஏறக்குறைய 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அம்மோனியா வரும். சமையலறைத் தராசில் நிறுக்காதீர்கள், நகைத் தராசு வேண்டும். எனக்கென்று சொல்லக் கதை எதுவும் இல்லை. நாற்பத்தோரு நாள், ஒரு மண்டலம் காத்திருந்தேன். நைட்ரைட் பூஜ்யம் ஆனது, மீன் விட்டேன், இருக்கிறது.

ஆவடி

ஒரு மண்டலம் காத்திருந்த புண்ணியவானுக்கு வணக்கம். என்னை ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "உயிர்ப்பாறை, பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கிற கடல் பாறை, அதப் போட்டா ஒரே வாரத்துல சைக்கிள் முடிஞ்சிடும் சார்" என்று கோணியைத் திறந்து காட்டினார். ஈரத்துணிக்குள் பவளம். வாங்குவதாக நினைத்துத்தான் கையில் எடுத்தேன். ஒரு ஓட்டையிலிருந்து மிளகளவு நண்டு ஒன்று வெளியே வந்து, என் கட்டைவிரல் மேல் ஏறி நின்றுவிட்டு, மறுபடி உள்ளே போய்விட்டது. வீட்டுக்குள் போகிற மாதிரி.

திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடினப் பவளம் எல்லாம் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்றைக்குச் சட்டத்துக்காகத் திருப்பிக் கொடுக்கவில்லை.

திருவான்மியூர்

2019 ஜூன். அந்த ஜூன் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். ஏரிகள் வறண்டு, லாரி வந்தால் தெருவே ஓடும். நான் ஏப்ரலில் தொட்டி வைத்திருந்தேன். மீன் இல்லை, சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பி வைத்ததில் தினம் மூன்று நாலு லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு. கழிவைக் கழிப்பறைக்குச் சேர்த்து வைத்தேன்தான், ஆனாலும் கணக்குக் கணக்குதான். நெம்மேலியில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து எங்கள் பக்கம் அனுப்புகிறார்கள், நான் அதை வாங்கி மறுபடி உப்புப் போட்டுக் கலக்குகிறேன் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன்.

ஒருநாள் வரிசையில் கீழ்வீட்டுப் பாட்டி பக்கத்தில் நின்றார். அவர் கையில் ஒரு குடம், என்னிடம் நாலு. "ரெண்டு பேருதான இருக்கீங்க, யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். தலையை ஆட்டி வைத்தேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது. பாட்டி தன் குடம் நிறைந்ததும் சாய்த்து, இன்னும் நிறையாத என் குடத்தில் பாதியை ஊற்றிவிட்டு, "இருக்கட்டும்பா" என்று நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மோட்டாரை நிறுத்தினேன். மழை வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தேன், முதல் நாளிலிருந்து.

பள்ளிக்கரணை மூன்றாம் மாடி

மிக்ஜாம் புயல், டிசம்பர் 4, 2023. சைக்கிளில் 31ஆம் நாள். முந்தின வாரம்தான் தொட்டி 2 பிபிஎம் அம்மோனியாவை ஒரே நாளில் தின்ன ஆரம்பித்திருந்தது. கரண்ட் போனது. தரைத்தளத்துக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டார்கள், எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். மெழுகுவத்தி ஒன்று. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நான் சாம்பார்க் கரண்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டி முன்னால் உட்கார்ந்து, தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டுமே.

கீழ்வீட்டுக்காரர் தூங்கவில்லை. அவருடைய பைக், ஃபிரிட்ஜ், பையனின் புத்தகம் எல்லாம் தண்ணீருக்குள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

சொன்னேன்.

"மீனே காணோமே?"

"மீன் இல்ல சார். பாக்டீரியா."

கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கரண்டியை வாங்கிக்கொண்டார். "நீங்க படுங்க, ரெண்டு மணி வரைக்கும் நான் ஊத்துறேன்." மூன்று ராத்திரி முறை வைத்து ஊற்றினோம். கரண்ட் வந்ததும் அம்மோனியா போட்டுச் சோதித்தேன். மறுநாள் பூஜ்யம். அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

உவர்நீர்

நல்ல அனுபவம். ஆனால் கரண்டியால்தான் பிழைத்தது என்று புதியவர்கள் நம்பிவிடக் கூடாது. மீன் இல்லாத தொட்டியில் ஆக்சிஜனுக்குப் போட்டி குறைவு, பாறை தண்ணீரில் மூழ்கியிருந்தால் அந்தக் கூட்டம் சில நாள் தாங்கும். மீன் இருந்தால்தான் அவசரம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று, யாருமே சொல்லவில்லை. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குப் பின்னால் உப்பு பூத்துப் பூத்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வரைக்கும் வந்துவிடும், வெள்ளையாக ஒட்டடை மாதிரி. அந்தப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், தொட்டிக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள், பக்கவாட்டுச் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழிகிற சொட்டு வளைவில் விழும், பிளக்குக்குள் போகாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாமல் தொட்டிக்குள் கையே விடக் கூடாது. ஹீட்டரை அணைத்துக் கால் மணி ஆறவிட்ட பிறகே தண்ணீரை இறக்குங்கள். சென்னைக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள், ஜனவரி ராத்திரிகளில் தேவைப்படும். எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள், மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று ஆகாது. எனக்கு ஒரு தடவை முழங்கை வரைக்கும் அடித்தது, அவ்வளவுதான் என் கதை.

பள்ளிக்கரணை மூன்றாம் மாடி

சார், நான் கீழ்வீட்டுக்காரரைப் பற்றித்தான் எழுதினேன்.

வில்லிவாக்கம் வாசி

எல்லாருடையதையும் படித்தேன். போன மாதம் பெசன்ட் நகர் போயிருந்தோம். மகளுக்கு இப்போது எட்டு வயது. அலையில் நின்றவள் திடீரென்று திரும்பி, "எந்த எடத்துலப்பா விட்ட?" என்றாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினேன். அங்கேயே போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பாவாடை நனைய நனைய.

சொல்லிவிடலாமா?

மாடவீதி

சொல்லாதீர்கள். நானும் எலி விஷயத்தைச் சொல்லப் போவதில்லை.

உவர்நீர்

இருந்தாலும் அது அம்மோனியாதான்.