புதுப்பிப்பு: காசு கட்டாமல் திறந்த அணுகலில் கட்டுரை

இலக்கிய ஆய்வுக் கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட, எழுதியவர் காசு கட்டித்தான் ஆகவேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டியதில்லை. 2015 முதல் இதழ்களை வெளியிடும் ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியுமானிட்டீஸ் போன்றவற்றில் செலவை நூலகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. அப்படிப்பட்ட ஓர் இதழுக்கே அனுப்பிவிட்டேன்.

இழுத்தடித்தது பணம் அல்ல, மேற்கோள். கட்டுரையோடு வரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (மற்றவர்கள் பகிரவும் பயன்படுத்தவும் முன்கூட்டியே தரும் அனுமதி) என் எழுத்துக்குத்தான். நான் எடுத்தாண்ட கவிதைக்கோ ஓவியத்துக்கோ செல்லாது. விமர்சனத்துக்காகச் சில வரிகள் காட்டுவது வேறு. முழுக் கவிதை என்றால், பதிப்புரிமை இன்னும் இருக்கும்பட்சத்தில், உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். கவிதையை வெளியிட்ட பதிப்பகத்துக்கு எழுதினேன், பதிலே இல்லை (இதில் ஆச்சரியம் என்ன!). தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். ஓவியத்தின் கீழே ‘இவ்வுரிமத்தில் அடங்காது’ என்று குறிப்பு. இப்போது கட்டுரை இதழின் மதிப்பீட்டாளர்களின் கையில் இருக்கிறது.