பொதுத் தோட்டத்துக்கு 14 பேர் வந்தோம், இப்போ 3 பேர்தான்... என்ன பண்ணலாம்?

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுமையா படிங்க ப்ளீஸ். எங்க அபார்ட்மென்ட்ல 24 வீடு. பின்னாடி காம்பவுண்ட் சுவர் ஓரமா குப்பையும் முள்ளுமா கெடந்த இடத்தை 8 மாசம் முன்னாடி நாங்களே சுத்தம் பண்ணி தோட்டம் போட்டோம். மொத நாள் 14 பேர் வந்தாங்க, பசங்க வேற மண்ணுல உருண்டு ஒரே திருவிழாதான், அதுவரைக்கும் லிஃப்ட்ல தலையாட்டிட்டு போனவங்க எல்லாம் அன்னைக்குத்தான் ஒருத்தர் பேரை ஒருத்தர் கேட்டுக்கிட்டோம். இப்போ தண்ணி ஊத்த, களை புடுங்க 3 பேர்தான் மிச்சம்.

போன வாரம் காலைல போய் பாத்தா தக்காளிச் செடில ஒரு கிளையே முறிஞ்சு தொங்குது, இன்னும் பச்சையா இருந்த காயக்கூட யாரோ இழுத்து புடுங்கியிருக்காங்க, காம்பு பிஞ்ச இடத்துல பட்டை நார் நாரா உரிஞ்சு நிக்குது. காய் போனது கூட பரவாயில்ல, அந்தக் கிளைல இன்னும் ரெண்டு கொத்து பூ இருந்துச்சு, அதப் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. இதுல கீழ் வீட்டு பெரியவர் உரத்தொட்டி நாறுது, தண்ணி புடிச்சு வைக்கிற டிரம்முல கொசு வருதுன்னு சொல்றார், அவர் சொல்றதும் நியாயம்தான். விட்டுறலாமான்னு தோணுது ஆனா மனசு வரல. இந்த மாதிரி சேந்து தோட்டம் போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

மண்புழு:
விட்டுறாதீங்க சிஸ். நாங்களும் இதே நெலமைல இருந்தவங்கதான். எங்க தப்பு என்னன்னா எல்லாமே எல்லாருக்கும்னு வச்சோம், அப்படி வச்சா எதுவுமே யாருக்கும் இல்லன்னு ஆயிடுது. அப்புறம் இடத்தைப் பாத்தியா பிரிச்சோம். ஒரு பாத்தி 4 அடி அகலம் 8 அடி நீளம், 4 அடிக்கு மேல அகலம் வேணாம் ஏன்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் கை நடு வரைக்கும் எட்டணும், உள்ள கால் வச்சா மண் இறுகிடும். நடுவுல 2 அடி வழி. பாதி இடம் வீட்டுக்கு ஒரு பாத்தின்னு கேட்டவங்களுக்கு, மீதி பொதுப் பாத்தி. தன் பாத்தியப் பாக்க தினமும் கீழ வர்றவங்க போற போக்குல பொதுப் பாத்திக்கும் ரெண்டு மக் ஊத்திட்டுதான் போவாங்க, இது நாங்க எதிர்பாக்காத நல்லது.

அப்புறம் பொதுப் பாத்தில தக்காளி, மிளகாய் மாதிரி எண்ணிப் பறிக்கிற காய் போடாதீங்க, அங்கதான் சண்டை வரும். கீரை போடுங்க, விதைச்சு ஒரு மாசத்துக்குள்ள அறுக்கலாம், அறுக்கிற நாள்னு ஒண்ணு வச்சு வர்றவங்களுக்கெல்லாம் ஒரு கட்டு. புதினா போட்டா மட்டும் தனித் தொட்டில போடுங்க, மண்ணுல விட்டா வேர் ஓடி பக்கத்துப் பாத்தி எல்லாம் அதுவே ஆயிடும். தக்காளிக்கு ஒரு விஷயம், காய் லேசா நிறம் மாற ஆரம்பிச்சதுமே பறிச்சிடலாம், வீட்டுக்குள்ளயே நல்லா பழுத்துரும், முழுசா சிவக்கிற வரைக்கும் செடில விட்டு பயந்துட்டு இருக்கத் தேவையில்ல.

காஞ்ச இலை:
உரத்தொட்டி நாத்தத்துக்கு மட்டும் சொல்றேன். நாறுதுன்னா ஈரக் கழிவு மட்டும் போடுறீங்கன்னு அர்த்தம். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு ரெண்டு மூணு பங்கு காஞ்ச இலையோ கிழிச்ச அட்டையோ போடணும். அழுகுன முட்டை நாத்தம் வந்தா காத்து போகலன்னு அர்த்தம், கெளறி விடுங்க. மூக்கைக் குத்துற அமோனியா நாத்தம் வந்தா ஈரக் கழிவு அதிகம்னு அர்த்தம், இன்னும் காஞ்சது போடுங்க. கைல ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க, பிழிஞ்ச துணி மாதிரி ஈரமா இருக்கணும், தண்ணி ஒழுகக் கூடாது. புதுசா எது போட்டாலும் மேல ஒரு அடுக்கு காஞ்ச இலை போட்டு மூடிடுங்க, ஈ வராது. பெரிய குவியல்னா நடுவுல 55, 60 டிகிரி வரைக்கும் சூடாகும், சின்னத் தொட்டில அவ்ளோ ஆகாது, மெதுவா மக்கும் அவ்ளோதான்.

டிரம்மை வலையால மூடுங்க, வாரம் ஒரு தடவை முழுசா காலி பண்ணி உள்ள தேய்ச்சு விடுங்க. வெயில் காலத்துல கொசு முட்டைல இருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள்தான், அதுக்குள்ள கவுத்துட்டா ஒண்ணும் வராது. இதெல்லாம் செஞ்சுட்டு அந்தப் பெரியவரையே கூப்டு காட்டுங்க, அதான் முக்கியம்.

மூணாவது மாடி:
கேமரா வைங்க, யாரு பறிக்கிறான்னு தெரிஞ்சிடும்.

வரப்பு:
கேமரா வேணாம்ங்க, அதோட பேச்சு வார்த்தையே நின்னு போயிடும். எலினார் ஆஸ்ட்ரம்னு ஒரு அமெரிக்க அறிஞர், 2009ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவங்க, அதுல அந்தப் பரிசு வாங்கின முதல் பெண். பாசனத் தண்ணி, காடு, மீன்பிடி, மேய்ச்சல் நிலம்னு பொதுவா இருக்கிறதை ஜனங்களே பல தலைமுறையா கெடாம எப்படிப் பாத்துக்குறாங்கன்னு ஆராய்ஞ்சவங்க. அவங்க கண்டுபிடிச்சதுல எனக்குப் பிடிச்சது, விதியை அதைப் பயன்படுத்துறவங்களே சேந்து போடணும், தப்பு பண்ணா முதல்ல லேசா சொல்லணும், மறுபடி மறுபடி பண்ணாத்தான் கண்டிப்பு. அவங்க ஆராய்ஞ்ச இடங்கள்ல ஸ்பெயின்ல வலென்சியாவும் ஒண்ணு, அங்க பாசனத் தண்ணித் தகராறை விவசாயிகளே தேர்ந்தெடுத்தவங்க வியாழக்கிழமை தோறும் உக்காந்து வாய்ப்பேச்சாவே தீர்த்து வைக்கிறாங்க, பல நூற்றாண்டா. உங்களுக்கும் வாரம் ஒரு நாள் ஒரே நேரத்துல எல்லாரும் தோட்டத்துல கூடுற மாதிரி வைங்க. கிளைய முறிச்சது யாருன்னு தேடாதீங்க, எப்படிப் பறிக்கணும்னு தெரியாம இழுத்தவங்களாக் கூட இருக்கலாம், அன்னைக்கு எல்லாருக்கும் கத்தரியால காம்பை வெட்டிக் காட்டுங்க.

பாட்டி பால்கனி:
கண்ணு, வராதவங்க எல்லாம் ஆர்வம் இல்லாதவங்கன்னு நெனைக்காத. எனக்கு முட்டி வலி, குனிஞ்சா எந்திரிக்க முடியாது, அதை வெளில சொல்லவும் கூச்சமா இருந்துச்சு. எங்க ஆளுங்க இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்ட் போட்டு ரெண்டு தொட்டி வச்சுக் குடுத்தாங்க, இப்போ நாத்து விடுறது முழுக்க நான்தான். சின்னப் பசங்க வந்து உக்காந்து விதை எண்ணித் தருவாங்க, அப்படியே கதை கேப்பாங்க. ஊருக்குப் போறவங்க வீட்டுச் செடியும் என்கிட்டதான் வரும். மண்ணுல இறங்கித்தான் சேரணும்னு இல்லம்மா.

தண்ணிக்கு ஒரு வழி சொல்றேன். குழாய்கிட்ட ஒரு மக் வைங்க. காலைல ஊத்துனவங்க அதைக் கவுத்து வச்சிட்டுப் போகணும், ராத்திரி கேட் பூட்டுறவங்க நிமித்தி வைக்கணும். கவுந்திருந்தா இன்னைக்கு ஊத்தியாச்சு. எங்களுக்குள்ள முன்னாடி ரெண்டு பேர் தனித்தனியா ஊத்தி வேர் அழுகி இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு.

ஜன்னலோரம்:
3 வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 6 பாத்தி பிரிச்சோம், 5 வீடு கேட்டு வாங்கிட்டாங்க. சனிக்கிழமை காலை 7 மணின்னு நேரம் வச்சோம், போன சனி 9 பேர் வந்தாங்க. உரத்தொட்டி நாத்தம் நின்னுடுச்சு, கீழ் வீட்டு பெரியவர் கிட்ட காட்டினேன், ஒண்ணும் சொல்லல, மறுநாள் ஒரு சாக்கு நிறைய காஞ்ச இலை தொட்டிப் பக்கத்துல இருந்துச்சு, அவர்தான் கூட்டி வச்சிருக்கார். முறிஞ்ச கிளைக்குக் கீழ புதுசா துளிர் விட்டிருக்கு, குச்சி நட்டு தளர்வாக் கட்டி விட்டிருக்கேன். பாட்டிம்மா, உங்க மக் விஷயத்தைச் சொன்னதும் பசங்க அதுக்கு சிவப்பு பெயின்ட் அடிச்சிட்டாங்க, நிமித்தி வைக்கிறது யாருன்னு இப்போ அவங்களுக்குள்ள போட்டி.