ராணுவ வழக்கறிஞர் வேலை: போரில் பிடிபட்டவர்களோடு பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

சாட்ஸ்வொர்த் கயல்:
எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் சட்டம் படித்து முடித்துவிட்டேன். ராணுவத்தின் சட்டப் பிரிவுக்கு விண்ணப்பிக்க ஆசை, ஆனால் வீட்டில் பெரிய சண்டை. இங்கே தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு அறிவித்த 1986 நெருக்கடிநிலையில் என் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஆயாவுக்கு ஐந்து வாரம் தெரியவில்லை, சாப்பாட்டு டப்பாவோடு ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனாக ஏறி இறங்கினாராம், எல்லா இடத்திலும் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றுதான் பதில். "பூட்டி வைக்கிறவர்கள் பக்கம் போய் நிற்கப் போகிறாயா?" என்று அம்மா கேட்கிறார், எனக்குப் பதில் வரவில்லை. போர்க்களத்தில் ஆட்களைப் பிடித்து வைக்கும்போது வழக்கறிஞருக்கு அங்கே உண்மையில் என்ன வேலை? கமாண்டர் அவர் சொல்வதைக் கேட்பாரா?

பீனிக்ஸ் மேஜர் (ஓய்வு):
மகளே, அம்மா கேட்டது நியாயமான கேள்வி. என் அனுபவத்தைச் சொல்கிறேன், நாட்டின் பெயர் வேண்டாம். அமைதிப்படையில் சட்ட அதிகாரியாக இருந்தபோது ஒரு ராத்திரி பதினோரு பேரைக் கொண்டுவந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் "ஆண், இருபது வயது இருக்கலாம்" என்று பதினோரு தடவை எழுதியிருந்தது, பெயரே இல்லை. விடிய விடிய உட்கார்ந்து பெயர், ஊர், யார் பிடித்தது, எந்த நேரம், உடம்பில் வரும்போதே இருந்த காயம், வாங்கி வைத்த போன், பணம் எல்லாவற்றையும் எழுத வைத்தேன். அதில் ஒருவன் சின்னப் பையன், அவனைத் தனியாகப் படுக்க வைத்தோம். கமாண்டருக்கு எரிச்சல். தண்ணீர் பற்றாக்குறை, கூடாரம் மூன்றுதான், இதில் நான் வேறு. ஆனால் கேட்டார். கமாண்டருக்கு ஆலோசனை சொல்ல சட்ட அதிகாரி இருக்க வேண்டும் என்று ஜெனீவா ஒப்பந்தங்களோடு, அதாவது போர்க்காலச் சட்டங்களோடு, 1977-ல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 82-வது பிரிவே சொல்கிறது, அதோடு பிறகு விசாரணை வந்தால் தன் கையெழுத்துத்தான் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு நாடுகளுக்கு இடையில் போர் என்றால் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் வரும்: கைதி பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் சொன்னால் போதும், அவர் போர்க்கைதியா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தீர்ப்பாயம் முடிவு செய்யும்வரை போர்க்கைதியாகவே நடத்த வேண்டும். நாங்கள் இருந்தது உள்நாட்டுச் சண்டை, அங்கே அவ்வளவு விரிவான சட்டம் கிடையாது. நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 3-வது பிரிவுதான் அடித்தளம்: அடிக்கக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்கக் கூடாது.

கஷ்டமே பிடிபட்டவர்களை வேறு தரப்பிடம் ஒப்படைக்கும்போதுதான். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் சித்திரவதை செய்வார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் கொடுக்கக் கூடாது. நான் இரண்டு நாள் வேறு முகாமுக்குப் போயிருந்தபோது ஒருவரைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பதில் யார் பார்ப்பது என்று எழுதிவைக்காமல் போனது என் தப்பு. அவர் என்ன ஆனார் என்று பல மாதம் விசாரித்தும் தெரியவில்லை. பதிவேட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கும், என் கையெழுத்தில்.

மெரிபேங்க் அக்கா:
தங்கச்சி, அம்மாவிடம் நவி பிள்ளையைப் பற்றிப் பேசு. டர்பன் தமிழ்ப் பெண், அப்பா பஸ் டிரைவர். பயங்கரவாதச் சட்டத்தில் கணவரைப் பிடித்தபோது, விசாரணையில் சட்டவிரோத முறைகளைப் போலீஸ் பயன்படுத்தக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கினார். 1973-ல், அரசியல் கைதிகளை அடைத்து வைத்த ராபன் தீவுச் சிறையில் இருந்தவர்கள் வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். அப்புறம் ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தில் நீதிபதி. 1963-ல் வந்த, விசாரணையின்றித் தொண்ணூறு நாள் பூட்டி வைக்கும் சட்டத்தில் வழக்கறிஞரே கிடையாது, நாள் முடிந்து வாசலில் கால் வைத்தவுடன் மறுபடி பிடிப்பார்கள். அந்த மாதிரி ஒரு நாட்டில் அவர் இதைச் செய்தார்.

நம் அரசியல் சட்டத்தின் 37-வது பிரிவையும் அம்மாவோடு உட்கார்ந்து படி. நெருக்கடிநிலையில் விசாரணையின்றி ஒருவரை வைத்தால் குடும்பத்துக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும், ஐந்து நாளுக்குள் பெயரும் இடமும் அரசிதழில் வர வேண்டும், பத்து நாளுக்குள் கோர்ட் பார்க்க வேண்டும். உன் ஆயா மாதிரி அலைந்தவர்களை நினைத்துத்தான் அதை எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். வெளிநாட்டார் சர்வதேசப் போரில் பிடிபட்டால் சர்வதேச மனிதாபிமானச் சட்டப்படி நடத்த வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

டோங்காட் தம்பி:
பதவி உயர்வை மட்டும் எதிர்பார்க்காதீர்கள் அக்கா. குவாண்டனாமோ என்ற அமெரிக்க ராணுவச் சிறையில் இருந்த பின்லேடனின் டிரைவர் ஹம்தானுக்காக வாதாட அமெரிக்கக் கடற்படை தன் வழக்கறிஞர் சார்லஸ் ஸ்விஃப்ட்டைப் போட்டது. அவர் தன் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார். 2006-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார், அங்கே இருந்த கைதிகளை விசாரிக்க அரசு அமைத்த ராணுவ ஆணையங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பு வந்தது, மேஜர் சொன்ன அதே 3-வது பிரிவும் அதில் இருந்தது. கொஞ்ச நாளிலேயே பதவி உயர்வு இல்லை என்று தெரிந்துவிட்டது, படையை விட்டு வெளியே வந்தார்.

சாட்ஸ்வொர்த் கயல்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேஜர் சொன்ன அந்த ஒருவரைப் பற்றி வந்த இடத்தில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்கச் சொன்னார். அய்யா, அந்தப் பதினோரு பேர் வீட்டுக்கும் யாராவது சொன்னீர்களா?

பீனிக்ஸ் மேஜர் (ஓய்வு):
சொன்னோம் மகளே. செஞ்சிலுவைக் குழுவைக் கூப்பிட்டோம், நான்காம் நாள் வந்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி வீட்டுக்குக் கடிதம் எழுத வைத்தார்கள். எழுதத் தெரியாத மூன்று பேருக்கு அவர்களே எழுதினார்கள். அந்தச் சின்னப் பையனுக்கு மட்டும் பதில் வந்தது, அவன் அம்மாவிடமிருந்து.