ஃபிரெஸ்கோ: ஈரச்சுதையா, பசுஞ்சுதையா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். பைசாந்திய (கிழக்கு உரோமப் பேரரசின்) கலை குறித்த கல்லூரிப் பாடக் குறிப்புகளை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். வட மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேவுக்கு அருகே நெரேசியில், பைசாந்தியத்தை ஆண்ட கொம்னெனோஸ் அரசகுடியைச் சேர்ந்த அலெக்சியோஸ் 1164இல் எழுப்பிய புனித பந்தலேமோன் துறவுமடத் தேவாலயம் பற்றிய பகுதியில் இருக்கிறேன். ஐந்து குவிமாடங்களையும், கல்லும் செங்கல்லும் கலந்த சுவர்களையும் தமிழில் சொல்லிவிட முடிகிறது. உள்ளே உள்ள ஃபிரெஸ்கோவுக்குத்தான் சொல் வேண்டும். ‘சுவரோவியம்’ சுவரில் தீட்டிய எதையும் குறிக்கும். இதுவோ சுண்ணாம்புப் பூச்சு காயும் முன்பே, நீரில் குழைத்த நிறமிகளால் தீட்டுவது. ‘ஈரச்சுதை ஓவியம்’ பொருந்துமா?

மறுமொழி:

ஐயா, ‘சுதை’ வடசொல். கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை புழங்கும் ‘காரை’ இருக்க அது எதற்கு? மேலும், சுதை என்றதும் மாணவர் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களையே நினைப்பர். ‘ஈரக்காரை ஓவியம்’ என்பது என் பரிந்துரை.

மறுமொழி:

அம்மா, நெடுநல்வாடை அரண்மனைச் சுவரை ‘வெள்ளி யன்ன விளங்குஞ் சுதையுரீஇ’ என்று பாடி, அதை அடுத்தே அச்சுவரில் வளைந்தோடும் பூங்கொடி ஓவியத்தையும் காட்டுகிறது. சங்கப் புலவர் ஓவியச் சுவருக்கே ஆண்ட சொல்லை விலக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனக்கு உறுத்துவது ‘ஈரம்’. புதுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போதுதான் நிறமி அதற்குள் பிணைகிறது. என்றோ இறுகிய சுவரை மறுபடி நனைத்தாலும் அது ஈரச்சுதையே. ஆனால் அதில் நிறம் அவ்வாறு பிடிக்காது. ‘பசுமண் கலத்துள்நீர் பெய்திரீஇ யற்று’ என்னும் குறளில் (660) பசுமண் என்பது சுடாத மண். உலர்ந்துவிட்டாலும் சூளையில் வேகும்வரை அது பசுமண்தான். அவ்வழியே, இறுகாத சுதை பசுஞ்சுதை. ஈறுபோதல், இனமிகல் விதிகளின்படி (பசுமை + சுதை) புணர்ச்சியும் செவ்வனே அமைகிறது. ‘ஃபிரெஸ்கோ’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கும் ‘புதியது’ என்றே பொருள்.

மறுமொழி:

விளக்கம் அருமை, ஐயா. ஆயினும் வகுப்பறையில் பசுஞ்சுதை என்றால் பச்சை நிறச் சுதை என்றே புரிந்துகொள்வார்கள். நெரேசியில் மாணவர் பார்க்க வேண்டியது, இறந்த மகனின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் புருவம் நெரிய அழும் மரியாளின் முகம்; அதன் முன்னே நிறுத்திச் சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ‘ஈரச்சுதை’ கேட்டவுடன் விளங்குகிறது. காய்ந்த பூச்சில் தீட்டுவதற்கு ‘உலர்சுதை’ இணையாகவும் நிற்கிறது. இடையே ஒரு செய்தி: நெரேசியின் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் பிற்காலப் பூச்சின் அடியிலிருந்து 1920களில் வெளிப்பட்டன; தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து சோழர் ஓவியங்கள் வெளிப்பட்டது 1931இல்.

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் ‘ஈரச்சுதை’யை ஏற்பதால் அதையே இட்டு, ‘பசுஞ்சுதை’யை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். காரைக்கு வேறு ஆதரவு எழவில்லை.

மறுமொழி:

ஐயா, பாடத்துக்கு அவ்வாறே ஆகட்டும். ஆனால் நம் சொற்பட்டியலில் அதை முடிந்த முடிபாகப் பதிய வேண்டாம். உலர்ந்த சுவரை நனைத்துத் தீட்டும் முறையும் உண்டு. அதற்குப் பெயரிட வேண்டி வரும்போது ‘ஈரச்சுதை’ ஏற்கெனவே வேறொன்றுக்குப் போயிருக்கும்.