லைக் வருகிறது, ஆர்டர்தான் வரவில்லை

வணக்கம். காரைக்குடி பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் டைல்) பட்டறை இருக்கிறது. அப்பா காலத்தில் மேஸ்திரிகள் சொல்லியே வேலை வந்துவிடும். இப்போது வாடிக்கையாளரை நாமே தேட வேண்டியிருக்கிறது.

8 மாதமாக இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுகிறேன். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றுவது, அச்சை உருவுவது, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவது, இறுகியதும் கண்ணாடி கழன்று அடியில் பூ பளபளவென்று தெரிவது. இந்தக் கடைசிக் காட்சியை மட்டும் 1 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே வருவதோ "சூப்பர்", "விலை?" இரண்டுதான். விலை சொன்னால் அப்புறம் பேச்சே இல்லை.

பெங்களூரிலிருந்து ஒருவர் மாதிரிக்கு 6 கல் கேட்டார். எங்கள் செலவிலேயே லாரியில் போட்டுவிட்டோம். இரண்டு உடைந்தது, அவரும் காணாமல் போனார். (தப்பு என்னுடையதுதான், முன்பணம் கேட்கக் கூச்சம்.)

விளம்பரத்துக்கு மாதம் 3,000 ரூபாய் போட்டால் பிரயோஜனம் உண்டா? இல்லை, ஆர்க்கிடெக்ட்களுக்கு நேரே மெசேஜ் அனுப்பலாமா? சதுர அடி விலையைப் பதிவிலேயே எழுதிவிடலாமா? மாதிரிக்குக் காசு வாங்குகிறவர்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? அந்த மெசேஜை அப்படியே போட்டாலும் சரி.