சூப்பர்-வில்லன் டீம்-அப்: டூமும் நேமோரும் கைகோத்தும் சித்திரமும் வசனமும் ஏன் ஏமாற்றுகின்றன?

வெள்ளி முகமூடி:

அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் 'சூப்பர்-வில்லன் டீம்-அப்' கருப்பு வெள்ளைத் தொகுப்பில் நான்காம் இதழ் வரை முடித்தாயிற்று. கரு அருமையானது. கடலடி நாடான அட்லாண்டிஸின் மக்கள் எழாத உறக்கத்தில் கிடக்கிறார்கள். அவர்களின் அரசன் நேமோரோ தனி உடுப்பு இல்லாமல் நீருக்கு வெளியே உயிர் வாழ முடியாத நிலையில் இருக்கிறார். மக்களை எழுப்ப, லாட்வேரியா நாட்டை ஆளும் இரும்பு முகமூடி வில்லன் டாக்டர் டூமின் அறிவியல் வேண்டும், அதற்காக நேமோர் தன் கர்வத்தை விழுங்க வேண்டும். இவ்வளவு நல்ல முடிச்சு கையில் இருந்தும் பக்கங்கள் சப்பென்று இருக்கின்றன. உருவங்கள் விறைப்பாக நிற்கின்றன, பின்னணி காலியாகக் கிடக்கிறது, எல்லாரும் எந்நேரமும் முழங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

குறை பென்சிலில் வரைந்த ஓவியருடையதா, அதன் மேல் மை போட்டவருடையதா, அச்சினுடையதா? வசனம் அந்தக் காலத்து வழக்கம்தானா, அல்லது உண்மையிலேயே பலவீனமா? மீதியைத் தொடர்வதென்றால் எந்த வரிசையில் படிப்பது?

மைக்கூடு:

நண்பரே, முதலில் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. 1975 ஆகஸ்டு தேதியிட்ட முதல் இதழில் ஜார்ஜ் டஸ்கா, இரண்டில் சால் புசேமா, மூன்றில் ஜார்ஜ் எவன்ஸ், நான்கில் ஹெர்ப் டிரிம்ப். நாலு இதழுக்கு நாலு பென்சில் ஓவியர்கள். எழுத்திலும் அதே கதை: முதல் இரண்டு டோனி இசபெல்லா, மூன்று ஜிம் ஷூட்டர், நான்கு பில் மாண்ட்லோ, ஐந்திலிருந்து எட்டு வரை ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், பிறகு மறுபடி மாண்ட்லோ. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த இதழ் இது. ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் அவிழ்க்க வேண்டியிருந்தது. நேமோரின் சொந்த இதழ் 72ஆம் எண்ணோடு 1974இல் நின்றுபோனதால் அங்கே தொங்கிய கதையையும் இதிலேயே முடிக்கவேண்டி வந்தது. நேமோரின் எதிரிகளான அட்டூமா, டைகர் ஷார்க், டாக்டர் டார்கஸ் மூவரும் தொடக்க இதழ்களை அடைத்துக்கொள்வது அதனால்தான். கூட்டணி என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே பழைய கணக்கைத் தீர்க்கிறார்கள்.

இன்னொன்று, உங்கள் தொகுப்பு 'அஸ்டானிஷிங் டேல்ஸ்' இதழின் டூம் கதைகளோடு தொடங்குகிறது. அவற்றில் முதல் நான்கு வாலி வுட் வரைந்தவை, கடைசி இரண்டு ஜீன் கோலன். வுட்டின் டூமைப் பார்த்த கண்ணோடு நேரே இங்கே வந்தால் யாருக்குமே இறங்கித்தான் தெரியும்.

கோட்டோவியன்:

சித்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டூமை வரைவது கஷ்டம். முகம் முழுக்க இரும்பு, புருவமும் இல்லை, உதடும் இல்லை. உணர்ச்சி வர மூன்றே வழி: கண் துளைக்குள் விழும் நிழல், கை விரல்கள், அங்கியின் மடிப்பு. வுட்டின் பக்கங்களில் ஒளி ஒரே பக்கத்திலிருந்து வரும், முகமூடியில் பாதி இருட்டாகிவிடும், அதனாலேயே டூம் எதையோ யோசிக்கிறார் என்று நமக்குத் தோன்றும். இந்தத் தொடரின் ஆரம்ப இதழ்களில் முகமூடி முழுக்க ஒரே வெளிச்சத்தில், ஒரே அளவில் வருகிறது. இடுப்பளவு உருவம், நீட்டிய விரல், திறந்த வாய் என்று கட்டத்துக்குக் கட்டம் மாறாமல் ஓடினால் கண் சலித்துவிடும். தூரக் காட்சியும் நெருக்கக் காட்சியும் மாறி மாறி வந்தால்தான் பக்கம் மூச்சு விடும்.

பென்சிலைத் தாண்டி மையும் இருக்கிறது. டிரிம்ப் போன்றவர்களின் பலம் தடித்த, எளிய, மார்வெலின் மூத்த ஓவியர் ஜாக் கிர்பி வழிக் கோடு. அதன் மேல் ஒரே தடிமனில் மை ஓட்டினால் முன்னால் நிற்பவனும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்னுருவத்தின் வெளிக்கோடு தடித்தும் பின்னணி மெலிந்தும் இருந்தால்தான் ஆழம் வரும். சந்தேகமிருந்தால் ஒரு பக்கத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கருப்புத் திட்டுகள் கண்ணை ஒரு வழியில் இழுத்துப் போக வேண்டும். பக்கம் முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மை சரியில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் கலைஞர்கள் தலையில் போடக்கூடாது. இவை வண்ணத்துக்காக வரைந்த பக்கங்கள். டூமின் பச்சை அங்கி, கடலின் நீலம் எல்லாம் வண்ணம் நிரப்பும் என்று விட்ட வெற்றிடங்கள். கருப்பு வெள்ளைத் தொகுப்பில் அவை வெறும் வெள்ளையாக நிற்கின்றன, பின்னணி 'காலி'யாகத் தெரிவதில் ஒரு பங்கு அதனால். 2015இல் வந்த வண்ணத் தொகுப்பில் உருவங்கள் பிரிந்து தெரியும். அங்கே வேறு சிக்கல்: செய்தித்தாள் தாளில் மை ஊறி மங்கும் என்று கணக்குப் போட்ட நிறங்கள், வெள்ளைத் தாளில் கண்ணை அடிக்கும்.

பலூன்வால்:

வசனம் காலத்தின் வழக்கமும்தான், பலவீனமும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

வழக்கம் எது? அன்றைய மார்வெல் முறையில் கதாசிரியர் கதைச் சுருக்கம் கொடுப்பார், ஓவியர் பக்கம் பிரித்து வரைவார், வரைந்து வந்த பக்கத்தின் மேல்தான் வசனம் ஏறும். சித்திரத்தில் ஏதாவது தெளிவில்லை என்றால் வரைந்ததைத் திருத்த நேரமில்லை, பலூனில் (வசனக் குமிழியில்) சொல்லிச் சமாளிப்பார்கள். கண்ணுக்குத் தெரிவதையே பாத்திரம் வாயாலும் சொல்வது அப்படி வந்தது. பதினேழு பதினெட்டுப் பக்கத்துக்குள் சண்டை, முன்கதை, அடுத்த இதழுக்கான கொக்கி எல்லாம் அடங்க வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது.

பலவீனம் வேறு. டூமும் அரசன், நேமோரும் அரசன். இருவரும் தன் பெயரைத் தானே சொல்லி, அரியணையிலிருந்து ஆணையிடுவதுபோல் பேசுகிறார்கள். பேசுபவரைக் காட்டும் பலூன் வாலை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த வசனம் தோற்றுவிட்டது. ஆரம்ப இதழ்களில் பல பக்கங்கள் இந்தச் சோதனையில் தேறாது.

எப்படி மாற்றியிருக்கலாம்? இது நானே அமைத்த மாதிரி, இதழில் உள்ளதல்ல. நேமோர் கோட்டைக் கதவை உடைத்து நுழையும் கட்டம்.

வழக்கப்படி: "இந்த இரும்புக் கதவும் நேமோரின் வலிமை முன் தூளாகிறது!" "டூமின் கோட்டைக்குள் அத்துமீற எவனுக்கும் உரிமையில்லை!"

இப்படி இருந்தால்: "என் மக்கள் இன்னும் எழவில்லை, டூம்." "கதவு திறந்துதான் இருந்தது."

நேமோருக்கு அவசரம், கோபம், சுருக்கமான வாக்கியம். டூமுக்கு நிதானம், எதிராளியைச் சிறுமைப்படுத்தும் மரியாதை. உடைந்த கதவைச் சித்திரமே சொல்லிவிடுகிறது.

தமிழில் வரும் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். ஸ்பைடர் (ஸ்பைடர்-மேன் அல்ல, பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன்) கதைகளில் ஸ்பைடர் கட்டளையிடுவான், பெல்ஹாம் விஞ்ஞானி, ஆர்டினி பூட்டுத் திறப்பவன். மூவருக்கும் வேலை வேறு, பேச்சும் வேறு. கூட்டணிக் கதைக்கு இந்த ஏற்ற இறக்கம் வேண்டும். சரிநிகர் அரசர்கள் இருவரை நிறுத்தினால் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தியே ஆகவேண்டும்.

வெள்ளி முகமூடி:

விரல் வைத்து மறைக்கும் சோதனையை மூன்றாம் இதழில் செய்து பார்த்தேன், ஐந்து பலூனில் இரண்டைத்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. நன்றி. படிக்கும் வரிசை மட்டும் பாக்கி.

மைக்கூடு:

இப்போது நிறுத்திவிடாதீர்கள், ஐந்திலிருந்துதான் தொடர் நிமிர்கிறது. 5 முதல் 7 வரை எங்கிள்ஹார்ட், டிரிம்ப் இணை நிலைத்து நிற்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் நாயகக் குழு வருகிறது, ஷ்ரௌட் என்ற புதுப் பாத்திரம் 5இல் அறிமுகம். அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரே லாட்வேரியாவோடு ஒப்பந்தம் போட வந்து நிற்பார். டூமை அடித்து வீழ்த்தாமல் அரசியலால் கட்டிப்போடும் யோசனை அன்றைக்குத் துணிச்சலானது, இன்றைக்கும் சுவை குறையவில்லை.

9ஐத் தனியாகத் தொடாதீர்கள். அது மார்வெலின் இன்னொரு இதழான 'அவெஞ்சர்ஸ்' 154 முதல் 156 வரையிலான கதையின் ஒரு துண்டு. 154 படித்துவிட்டு 9, பிறகு 155, 156. 10 முதல் 12 வரை நாஜி வில்லன் ரெட் ஸ்கல்லோடு மோதல். அட்லாண்டிஸ் முடிச்சு 13இல் அவிழ்கிறது. 14இல் உலகமே டூம் பரப்பிய, மனதை அடக்கும் வாயுவுக்கு அடங்கிக் கிடக்க, எதிரி இல்லாத வெற்றி சலித்துப்போய் அவரே இன்னொரு வில்லனான மேக்னீட்டோவை விடுவித்துச் சவால் விடுகிறார். தொடரிலேயே சிறந்த கரு என் கணக்கில் அதுதான். முடிவு 'சாம்பியன்ஸ்' என்ற வேறொரு மார்வெல் இதழின் 16ஆம் எண்ணில் இருக்கிறது, மறக்காமல் சேர்த்துப் படியுங்கள்.

15 மறுபதிப்பு. 16, 17 இரண்டும் 1979, 1980 என்று வருடத்துக்கொன்றாக வந்தவை, ரெட் ஸ்கல்லும் ஹேட்-மாங்கர் என்ற வில்லனும் சேரும் வேறு கதை. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.